டெனர் தொடங்கும் பாட்டு

சனிக்கிழமை காலை. மெர்சி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள் என்ற தைரியத்தில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து லூட் என்ற தந்தி வாத்தியத்தை மடியில் எடுத்து வைத்திருந்தேன். கீழே தண்ணீர் லாரி ஒன்று எங்கள் சந்துக்குள் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. பின்னால் வரும்போதெல்லாம் அது ஒரு மெட்டுப் போடும். கிழக்குத் தாம்பரத்தில் பாட்டு வாசிக்க நினைப்பவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, லாரி ஓயும்வரை காத்திருப்பது.

லாரி ஓய்ந்தது. நான் தொடங்கினேன்.

அந்தப் பாட்டு ஒரு நீண்ட சுரத்தில் ஆரம்பிக்கும். மனிதக் குரல் நீண்ட சுரத்தைப் பிடித்து நிற்கும். தந்தி நிற்காது. மீட்டிய கணத்திலிருந்து தேய்ந்துகொண்டே போகும். அதை மறைக்க, அந்த இடத்தில் சின்னச் சின்னச் சுரங்களாக ஏழெட்டைத் தூவி வைத்திருந்தேன். பொங்கலில் முந்திரி போடுவது மாதிரி. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

"அவன் அப்படிப் பாட மாட்டான்."

நிமிர்ந்து பார்த்தேன். காலி வாளியோடு மெர்சி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியவில்லை. சொன்னதைத் தானே எதிர்பார்க்காதவள் போல வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

'அவன்' என்பது அருள். மெர்சியின் தம்பி, என் மச்சான். இந்தத் தொடரை வாராவாரம் படித்து வருபவர்களுக்கும் அவனைத் தெரியாது. என் அலுவலக வேன், வாடகை வீடுகள், மாடி வீட்டுக்காரரின் நாய் வரைக்கும் எழுதிவிட்டேன். அருளை மட்டும் எழுதவில்லை. காரணம் எளிது. நான் எழுதுவதை முதலில் படிப்பவள் மெர்சி. அவள் அவனோடு பேசுவதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டில் அந்தப் பேச்சே எழுந்ததில்லை. அன்று காலை அவள் வாயிலிருந்து 'அவன்' என்று வந்தபோது, எனக்குக் கையில் இருந்த வாத்தியம் மறந்துபோனது.

ஷூ ரேக்குக்கு இடம்

லூட் எப்படி என் மடிக்கு வந்தது என்பதைச் சொல்லிவிட்டுத் திரும்புகிறேன்.

நாவலூரில் என்னோடு ஒரே பிரிவில் வேலை பார்த்த ராகவன், ஜெர்மனியில் சில வருடம் இருந்துவிட்டு வந்தவர். வரும்போது அங்கிருந்து ஒரு லூட்டை வாங்கி வந்து சுவரில் மாட்டியிருந்தார். வாசிக்கத் தெரியாது. மேடவாக்கத்தில் சொந்த ஃப்ளாட்டுக்குக் குடிபோனபோது சிக்கல் வந்தது.

"சார், நீங்க சர்ச்ல பாடறவர்தானே? இத எடுத்துக்கறீங்களா? இது இருக்கற இடத்துல ஷூ ரேக் வரணுமாம்."

பலாப்பழத்தை நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியைக் குடைந்து, வாயைப் பலகையால் மூடி, கிடாரின் கழுத்தைச் செருகினால் கிட்டத்தட்ட லூட். தந்திகள் ஜோடி ஜோடியாகப் போகும். கழுத்தின் முனை மட்டும் திடீரென்று பின்பக்கமாக மடங்கியிருக்கும். தந்தியை இறுக்கும் முடுக்காணிகள் அங்கேதான் இருக்கின்றன.

அதைப் பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். மடங்கிய முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எதிரே காய்கறிப் பையோடு இருந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னா சார் இது, வீணையா?"

"வெளிநாட்டு வீணைம்மா."

"கழுத்து ஒடிஞ்சு கீதே. பாத்து வாங்கக் கூடாதா?"

"செய்யும்போதே அப்படித்தான் செய்வாங்க."

அவர் நம்பவில்லை. டிரைவரிடம் திரும்பி, "படிச்சவங்களத்தான் ஈஸியா ஏமாத்துறானுங்க" என்றார். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து அனுதாபமாகத் தலையாட்டினார். தாம்பரம் வரும்வரை நான் ஏமாந்தவனாகவே உட்கார்ந்து வந்தேன்.

எங்கள் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு லூட் சம்மதிக்கவே இல்லை. மழைக்காலத்தில் முடுக்காணி உப்பி இறுகிக்கொள்ளும். கோடையில் வழுக்கிக்கொண்டு சுற்றும். வழுக்கினால் சாக்பீஸ் தடவ வேண்டும் என்று இணையத்தில் படித்தேன். மெர்சி கணக்கு டீச்சர். எங்கள் வீட்டில் எது இல்லாவிட்டாலும் சாக்பீஸ் இருக்கும். அந்த வாத்தியத்துக்கு அவள் முதலில் செய்த உதவி அதுதான். அப்போது அவள் சொன்னதும் அதிகமில்லை: "ஏதோ, பொழுது போனா சரி."

பொழுதுபோக்கு என்று நானும் ஒப்புக்கொண்டேன். உண்மை வேறு. நான்கு குரல்களில் ஒன்றாக இருப்பதன் சுகத்தை ஒருமுறை அனுபவித்தவனுக்கு, தனியாகப் பாடுவது தனியாகச் சீட்டாடுவது போல. எனக்கு அந்த நான்கு குரலும் திரும்ப வேண்டியிருந்தது. பாடிய நான்கு பேரும் இப்போது சேர்வதில்லை. ஒரு ஜோடிக் கையில் நான்கையும் வாசிக்கக்கூடிய வாத்தியம் இது என்று படித்தபோது, ஷூ ரேக்குக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

நாலு பேர், நாலு தாள்

நாங்கள் நான்கு பேராக இருந்தோம். மெர்சி சோப்ரானோ, மேல் குரல். அருளின் மனைவி நிர்மலா ஆல்டோ, அதற்கு அடுத்த பெண் குரல். அருள் டெனர், ஆண்களில் மேல் குரல். நான் பாஸ், அடிக்குரல். பாஸ்தான் கட்டடத்துக்கு அஸ்திவாரம் என்று எங்கள் சர்ச் கொயர் மாஸ்டர் சொல்வார். அஸ்திவாரத்தை யாரும் வந்து பார்த்துவிட்டுப் போவதில்லை என்பதை அவர் சொன்னதில்லை.

கல்யாணம், ஞானஸ்நானம், கிறிஸ்துமஸ் என்று எதற்கும் எங்களைக் கூப்பிடுவார்கள். பிரியாணிக்கு முன்னால் பாடிவிட வேண்டும், பின்னால் பாடினால் நிர்மலாவுக்கு மூச்சு வராது. எங்களிடம் கீர்த்தனைகள் இருந்தன, ஞானப்பாட்டுகள் இருந்தன. அவற்றோடு ஒரே ஒரு லத்தீன் பாட்டும் இருந்தது. ஐரோப்பாவில் சில நூறு வருடங்களுக்கு முன் எழுதப்பட்டது. கொயர் மாஸ்டர் எங்கிருந்தோ நகலெடுத்து வந்து கொடுத்தது. வாத்தியம் கிடையாது, நான்கு குரல் மட்டும்.

அதை அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதத்தை இங்கே சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு தாள். தாளில் அவரவர் பாட வேண்டிய வரி மட்டும், டோ ரே மீ எழுத்துகளில். மற்றவர்கள் என்ன பாடுகிறார்கள் என்பது நம் தாளில் இருக்காது. நம் முறை வரும்வரை ஓய்வுக் குறிகள். எண்ணிக்கொண்டே நிற்க வேண்டும். அந்தக் காலத்து ஐரோப்பாவிலும் குரலுக்கு ஒரு தனிப் புத்தகம்தான் அச்சடித்தார்களாம். எங்கள் மாஸ்டர் வரலாற்றைப் பின்பற்றி அதைச் செய்யவில்லை. ஜெராக்ஸ் செலவு மிச்சம் என்று செய்தார்.

இந்தப் பழக்கத்தில் இன்னொன்றும் எங்களுக்குள் ஊறிவிட்டது. அடுத்தவர் வரியைத் தொடக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் தடுமாறினாலும் நம் வரியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். உதவி செய்கிறேன் என்று இறங்கினால் இரண்டு வரியும் போய்விடும். மாஸ்டர் இதில் மிகவும் கண்டிப்பு. "உன் வேலையைப் பாரு" என்பதை அவர் ஒரு இசைக் கொள்கையாகவே வைத்திருந்தார்.

என் அத்தைக்கு, அதாவது மெர்சி, அருளின் அம்மாவுக்கு, அந்த லத்தீன் பாட்டில் ஒரு சொல்லும் புரியாது. எங்களுக்கும் அவ்வளவாகப் புரியாது. ஆனால் பம்மல் வீட்டில் நாங்கள் ஒத்திகை பார்க்கும்போது அவர் டிவியை அணைத்துவிடுவார். மற்ற பாட்டுகளுக்கு ஒலியைக் குறைப்பதோடு சரி.

ஒருநாள் மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னார்: "என்னைப் பொதைக்கறப்போ அந்தப் புரியாத பாட்ட நாலு பேரும் பாடுங்க. புரியற பாட்டுன்னா அழுகை வரும்."

கல்லறையில்

அத்தையின் அடக்கத்தன்று நல்ல வெயில். குழியைச் சுற்றிப் பம்மல் ஆட்கள், சர்ச் ஆட்கள், அருளின் பட்டறையில் வேலை செய்பவர்கள். அருள் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறான். ஐந்தாறு மெஷின்கள் ஓடும் சத்தத்துக்கு மேலே பாடிப் பாடி வளர்ந்த குரல் அவனுடையது.

போதகர் ஜெபித்தார். பெட்டியை இறக்கினார்கள். மகன் என்பதால் முதல் பிடி மண்ணை அருள் போட்டான். பிறகு மெர்சி, பிறகு மற்றவர்கள். அதன் பின் போதகர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். நாங்கள் நால்வரும் குழியின் தலைமாட்டில் வழக்கமான வரிசையில் நின்றோம்.

அந்தப் பாட்டை டெனர்தான் தொடங்கும். அருள் முதல் வரியைப் பாடுவான். பிறகு அதே வரியை மேலே எடுத்துக்கொண்டு மெர்சி நுழைவாள். அப்புறம் நிர்மலா. எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு, கடைசியாக நான்.

அருள் வாயைத் திறந்தான். மூச்சு உள்ளே போனதைப் பார்த்தேன். குரல் வரவில்லை. வாயை மூடினான். மறுபடி திறந்தான்.

நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். கைகளைக் கட்டிக்கொண்டு, ஒழுங்காக, மாஸ்டர் பழக்கிய மாதிரி. எங்கள் தாளில் அது ஓய்வு.

போதகர் அதை மௌன அஞ்சலி என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றுவிட்டு "ஆமென்" என்றார். கூட்டமும் "ஆமென்" என்றது. மண்வெட்டிக்காரர்கள் வேலையைத் தொடங்கினார்கள். நாலு பேரும் நின்ற இடத்திலேயே நின்றோம்.

திரும்பும் வேனில் அருள் சொன்னான்: "எனக்கு வரலக்கா."

"அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு" என்றாள் மெர்சி. "அதுகூடச் செய்ய முடியலையா உன்னால?"

அவன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். பல்லாவரம் மேம்பாலம் தாண்டியதும் திரும்பினான்.

"நீ ஆரம்பிச்சிருக்க வேண்டியதுதானே?"

"அது என் பார்ட்டா?"

அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அதோடு முடிந்தது. அதன் பிறகு வந்த கிறிஸ்துமஸ்களில் நிர்மலா கேக்கை யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். நான் வாட்ஸ்அப்பில் நன்றி சொல்வேன். கேக்கை மெர்சி தொட மாட்டாள். நான்தான் சாப்பிட்டேன், எனக்குச் சர்க்கரை ஏறியதில் அந்தச் சண்டைக்கும் பங்கு உண்டு.

மெர்சியின் கோபம் எனக்கு நியாயமாகவே தோன்றியது. செத்துப்போன தாய்க்குக் கொடுத்த வாக்கு. அதைவிட, எல்லோர் முன்னாலும் நின்று பாடாமல் வந்த வெட்கம். அவனுக்கு ஒன்றும் தொண்டை கட்டியிருக்கவில்லை. முந்தின நாள்கூட ஆராதனையில் பாடியிருந்தான்.

தொண்டைக்குத் தெரிய வேண்டியது

லூட்டுக்கென்று எழுதும் முறை தனி. ஆறு கோடுகள், ஆறு ஜோடித் தந்திகள். எந்தக் கோட்டில் எந்த எழுத்து என்று பார்த்து அந்த இடத்தில் விரலை வைத்து மீட்ட வேண்டியதுதான். என்ன சுரம் என்றுகூடத் தெரிய வேண்டாம். தட்டச்சு மாதிரி.

அந்த எழுத்துமுறை விரல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும். அந்தச் சுரம் எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்று சொல்லாது. அது யாருடைய குரல் என்றும் சொல்லாது. நாலு பேர் பாடியதை ஒரே கூட்டாகப் பிசைந்து கொடுத்துவிடும்.

இணையத்தில் லூட் பாடம் நடத்தும் ஒரு அம்மாள் இதற்கு வழி சொன்னார். பாட்டுகளை நாமே குரல்வரிகளிலிருந்து லூட்டுக்கு மாற்றி எழுத வேண்டும். எழுதும் முன் ஒவ்வொரு குரலையும் முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுப் பாட வேண்டும். தொண்டைக்குத் தெரிந்த பிறகுதான் விரலுக்கு. நடக்கக்கூடிய யோசனையாகத் தெரிந்தது. எனக்கு நாலு குரலும் தெரிந்த பாட்டு என்று உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. தெரியும் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்கு வரியும் ஒன்றாக இருக்கும் பிரதியைத் தேடி எடுத்து அச்சடித்துக்கொண்டேன். மெர்சி பள்ளிக்குப் போன நாட்களில், வீட்டிலிருந்து வேலை என்று பெயர் பண்ணிக்கொண்டு பாடினேன்.

பாஸில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சோப்ரானோவை ஒரு ஸ்தாயி கீழே இறக்கிப் பாடினேன். மெர்சி எத்தனை இடங்களில் மூச்சே விடாமல் போகிறாள் என்பது தெரிந்தது. வீட்டில் சண்டை வரும்போது எனக்கு இடைவெளி கிடைக்காததன் ரகசியமும் பிடிபட்டது.

ஆல்டோவில் பெரிய அதிர்ச்சி. பாதிப் பாட்டுக்கு இரண்டே சுரம். மேலே எல்லோரும் பறந்துகொண்டிருக்க, இது மட்டும் அசையாமல் நின்ற இடத்தில் நிற்கிறது. அன்றே நிர்மலாவுக்குச் செய்தி அனுப்பினேன்: 'இத்தனை வருஷம் இதையா பாடிக்கொண்டிருந்தாய்?' உடனே பதில் வந்தது: 'இப்பத்தான் தெரியுதா அண்ணா?'

டெனரைக் கடைசிக்குத் தள்ளியிருந்தேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. அவனுடைய சட்டையைப் போட்டுப் பார்ப்பது போல ஒரு கூச்சம்.

ஒரு மத்தியானம் ஜன்னலைச் சாத்திவிட்டு முதல் வரியைப் பாடினேன். கீழே ஒரு நீண்ட சுரம். அதிலிருந்து ஒரே தாவலில் மேலே. பிறகு மெதுவாக இறக்கம். சின்னக் குழந்தைகூடப் பாடிவிடும். ஆனால் பாடும்போது சுற்றிலும் ஒன்றுமில்லை. கீழே என் பாஸ் இல்லை, மேலே மெர்சி இல்லை, பக்கத்தில் நிர்மலாவின் அந்த இரண்டு சுரம்கூட இல்லை. தாவும்போது கால் வைக்க இடமில்லாத மாதிரி இருந்தது. பூட்டிய அறையில், கேட்க ஆளே இல்லாதபோது, என் குரல் நடுங்கியது.

எத்தனையோ வருடம் இந்தப் பாட்டைப் பாடியிருக்கிறேன். கடைசியாக நுழைகிறவன் நான். எனக்கு இது எப்போதும் நிரம்பி வழிகிற பாட்டு. இது காலியாக ஆரம்பிக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

அப்போது கல்லறையில் அருள் வாயைத் திறந்து மூடியது கண்ணுக்கு முன்னால் வந்தது. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. மெர்சியிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால், தம்பிக்கு வக்காலத்து என்று ஆகிவிடும். அந்த வீட்டு விவகாரங்களில் வக்காலத்து வாங்கப் போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதைகளைப் பல வாரம் எழுதியிருக்கிறேன். பேசாமல் இருந்துவிட்டேன். பாட்டை லூட்டுக்கு மாற்றி எழுதினேன். அந்தக் காலியான தொடக்கம் எனக்கே பொறுக்காமல், சின்னச் சுரங்களைத் தூவி நிரப்பினேன்.

மூன்று வெறும் கோடுகள்

"பின்னே எப்படிப் பாடுவான்?" என்று கேட்டேன்.

மெர்சி வாளியைக் கீழே வைத்தாள்.

"வெறுமையா. ஒரு நோட்டை எடுத்தா அதுலயே நிப்பான். இந்த ஜிலேபி சுத்தறதெல்லாம் கிடையாது."

தூவியதையெல்லாம் விட்டுவிட்டு முதல் சுரத்தை மட்டும் மீட்டினேன். அது கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அணைந்தது. அடுத்த சுரம் வருவதற்குள் அறையில் சத்தமே இல்லை.

"பாத்தியா? நிக்காது. அதான் நிரப்பினேன்."

"அப்ப பாடுங்க. பாடிக்கிட்டே வாசிங்க."

பாடினேன். தொடக்கம் பரவாயில்லை. பாதிக்கு மேல் டெனர் உயரமாக ஏறும். அங்கே என்னிடமிருந்து ஒரு பூனை வெளியே வந்தது. மெர்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கட்டிலில் கிடந்த பிரதியை எடுத்தாள்.

"நான் பாடறேன். நீங்க மத்த மூணையும் வாசிங்க."

பிரதியில் நான்கு வரிகளும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. அவள் அந்தப் பாட்டை அப்படிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கணக்கு டீச்சர் விடைத்தாளைப் பார்ப்பது போல மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள்.

"இங்க எனக்கு ஒண்ணும் இல்லையே."

"நீ அடுத்த வரிலதான் வர்ற."

"நிர்மலாவுக்கு?"

"இல்ல."

"உங்களுக்கு?"

"நான்தான் கடைசி."

அவள் முதல் வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வெறும் கோடுகள். நடுவில் ஒன்றில் மட்டும் சுரங்கள். பிறகு வழக்கம் போல் நிமிர்ந்து நின்றாள், மூச்சை இழுத்தாள், தொடங்கினாள்.

முதல் சுரம் நன்றாகவே வந்தது. மேலே தாவ வேண்டிய இடத்தில் நின்றுவிட்டாள்.

"சுருதி குடுங்க."

கொடுத்தேன். மறுபடியும் அதே இடத்தில் நின்றாள். இதைவிட எவ்வளவோ உயரத்தில், எவ்வளவோ கடினமான இடங்களைச் சிரமப்படாமல் பாடுகிறவள். மூன்றாவது முறை முதல் சுரமே உடைந்தது.

"நீங்க கூட ஏதாவது வாசிங்களேன்."

"வாசிக்க ஒண்ணும் இல்ல மெர்சி. அந்த இடத்துல யாருமே இல்ல."

கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரதி அவள் மடியில் இருந்தது.

"நான் எப்பவும் அவன் குரல் மேல ஏறித்தான் வந்திருக்கேன்" என்றாள். "கீழ என்ன இருக்குன்னு பாத்ததே இல்ல."

பிறகு அழுதாள். அத்தையின் அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. அன்று அவளுக்குக் கோபம் துணை இருந்தது. நான் லூட்டைக் கீழே வைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். இந்த மாதிரி நேரங்களில் ஒரு கையாவது காலியாக இருக்க வேண்டும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்க ஃபோனக் குடுங்க" என்றாள். அவளுடைய ஃபோனில் அருளின் எண் இல்லை.

ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது. எடுத்ததும் தையல் மெஷின்களின் இரைச்சல் வந்தது.

"சொல்லு மாமா. இன்னா, காலைலயே?"

"நான்தான்" என்றாள் மெர்சி.

இரைச்சலுக்கு நடுவே அவன் யாரிடமோ, "டேய், நிறுத்துங்கடா. எல்லாத்தையும் நிறுத்து" என்பது கேட்டது. ஒவ்வொரு மெஷினாக அடங்கியது.

"அக்கா."

"அம்மா பாட்டுல அந்த முதல் வரி. மேல தாவறதுக்கு முன்னாடி மூச்சு எங்கடா எடுப்ப?"

"எதுக்குக்கா?"

"என்னால ஆரம்பிக்க முடியல."

லைன் போய்விட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன். போகவில்லை.

"எடுக்க மாட்டேன்" என்றான். "எடுத்தா பயம் வந்துடும். அப்படியே போயிடணும்."

"பாடிக் காட்டு."

"இங்கியா? பசங்கல்லாம் கீறாங்கக்கா."

"பாடுடா."

பாடினான். பட்டறைத் தகரக் கூரையின் எதிரொலியோடு, ஃபோனின் கரகரப்போடு, அந்த நீண்ட சுரம் எங்கள் படுக்கையறைக்குள் வந்தது. மூச்சு எடுக்காமல் தாவினான். தன் இடம் வந்ததும் மெர்சி சோப்ரானோவில் நுழைந்தாள். நுழைந்ததுமே இரண்டு குரலும் இடித்துக்கொண்டன. அவள் பாடுவது அவனுக்குத் தாமதமாகப் போய், அதைக் கேட்டு அவன் தயங்கி, அந்தத் தயக்கம் இன்னும் தாமதமாக இங்கே வந்தது. அவள் நிறுத்திக்கொண்டாள்.

"நான் வரல. நீ மட்டும் பாடு."

அவன் மட்டும் பாடினான். டெனர் வரி மட்டும். நடுவில் ஓய்வு வரும் இடங்களில் அவன் அவசரப்படவில்லை. மற்ற மூவரும் பாடிக்கொண்டிருக்க வேண்டிய நேரம் முழுவதையும் விட்டுவிட்டு, சரியான இடத்தில் திரும்ப வந்தான். அந்த இடைவெளிகளில் ஃபோனில் யாரோ இருமுவதும் தூரத்தில் பஸ் ஹார்ன் அடிப்பதும் கேட்டன. நான் என் வரியை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். மெர்சியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

கடைசிப் பக்கத்தில் டெனர் உயரமாக ஏறுகிறது. என்னிடமிருந்து பூனை வந்த இடம். அருள் ஏறினான். பாதி ஏற்றத்தில் குரல் உடைந்தது. ஒரு சுரம் தேய்ந்து வந்தது, அடுத்தது வரவில்லை. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. மறுபடி முயன்றான். மறுபடியும் காற்றுதான் வந்தது.

நான் காத்திருந்தேன். எனக்கு அதுதான் பழக்கம்.

மெர்சி காத்திருக்கவில்லை. பிரதியைக்கூடப் பார்க்காமல், அவன் விட்ட சுரத்திலிருந்து டெனரை எடுத்துப் பாடத் தொடங்கினாள்.